அத்தியாயம் 4: ஊசி இறங்குவதற்கு முன்

வீட்டிலேயே குவில்ட் தைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்க நினைக்கும் பெண் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த மெஷின் வாங்கலாம்? கடைக்காரரும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். கையிருப்பில் முக்கால்வாசி மெஷினுக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒரு கத்தரிக்கோலும் இன்ச் டேப்பும் வாங்கி, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வேலை தொடங்கிவிடும். இந்த வரிசையே தலைகீழ் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஆர்டருக்குத் தைக்கும் குவில்ட்டின் தரமும் அதில் கிடைக்கும் லாபமும் வெட்டும் மேசை, இஸ்திரிப் பலகை, ஆர்டர் நோட்டு ஆகிய மூன்று இடங்களில் ஊசி இறங்குவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகின்றன. பணமும் இடமும் முதலில் அங்கே போகட்டும்; மெஷின் அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களுக்கு இது மிகைப்படுத்தலாகத் தோன்றலாம். ஜாக்கெட்டில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் இருக்கும். இடுப்பில் கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே விட்ட துணியைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். குவில்ட்டின் இயல்பு வேறு. சிறு துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்த தையல்தான் குவில்ட். படுக்கையறையில் ஏசி வந்த பிறகு, சென்னை மதுரை வெயிலிலும் மெல்லிய குவில்ட்டுக்கு வேலை இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரணமே சொல்ல வேண்டாம். பிறந்த குழந்தையைக் கிடத்தப் பாட்டியின் நைந்த நூல்சேலையை மடித்துத் தைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதான். இன்று வாடிக்கையாளர் கேட்பது அதன் விரிந்த வடிவம்: நூற்றுக்கணக்கான துண்டுகள், நேர்கோட்டில் சந்திக்கும் மூலைகள், வெளுத்துப் போட்டாலும் குலையாத வடிவம். அத்தனை துண்டுகள் சேரும் இடத்தில் சின்னப் பிழைகூடத் தனியாக நிற்பதில்லை, பெருகுகிறது.

அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மும்மூன்றாகச் சேர்த்துத் தைக்கும் எளிய கட்டத்தை எடுத்துக்கொள்வோம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால் ஒவ்வொரு சதுரமும் இரண்டு அங்குலமாகத் தெரியும். ஓரத்துணியோடு சேர்த்துக் கட்டம் ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். இப்போது தையல் கால் அங்குலத்துக்கு வெறும் 1/16 அங்குலம் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் அவ்வளவுதான். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்வதால் இழப்பு 1/8 அங்குலம். கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல்கள் இருப்பதால் கால் அங்குலம் காணாமல் போகிறது. கட்டம் ஆறேகால் அங்குலத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்கப்போவது ஒற்றைத் துணியில் வெட்டிய வெறுங்கட்டம் என்றால், அதில் தையலே இல்லாததால் அது அப்படியே ஆறரை அங்குலம் இருக்கும். இந்த இரண்டையும் இணைத்தால் ஒன்று துணி சுருங்கி மடியும், அல்லது மூலை இடறும். முப்பது சிறு சதுரங்களை ஒரே வரிசையில் தைத்தால் 29 தையல்களில் சேர்ந்து மூன்றரை அங்குலத்துக்கும் மேல் போய்விடும். மெஷின் விலை எத்தனை ஆயிரமானாலும் இந்த இழப்பை அது அறியாது. காட்டிய வழியில் ஓடுவதுதான் அதன் வேலை.

ஆகவே, புது மெஷினோ பழைய மெஷினோ, முதல் நாள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் பக்கத்தில் பக்கமாக இணைத்து, தையலை ஒருபக்கமாக மடித்து அழுத்துங்கள். நடுப்பட்டை மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது. கூடினால் வெளியே வருகிறது. பெரும்பாலானவர்களுக்குக் குறையும். துணியை மடிக்கும்போது மடிப்பின் வளைவே ஒன்றிரண்டு இழை அகலத்தை விழுங்கிவிடுவது அதற்குக் காரணம். அதனால்தான் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைக்க வேண்டியிருக்கிறது. சரியான இடம் தெரிந்ததும், ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெஷின் தட்டின் மேல் கனமான டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தத் திண்டில் உரசிக்கொண்டே ஓடட்டும். செலவு பத்து ரூபாய்கூட வராது. நூலை மாற்றினாலும் ஊசியின் எண்ணை மாற்றினாலும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

தையல் சரியாக இருந்தும் துண்டே கோணலாக இருந்தால் பயனில்லை. கத்தரிக்கோலின் கீழ் அலகு துணியை மேசையிலிருந்து தூக்கிவிடுகிறது. தூக்கிய துணி நகர்கிறது. நான்கு மடிப்பாக வெட்டினால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒரே அளவில் வருவதில்லை. சக்கரம்போல் உருளும் பிளேடு உள்ள ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. அதன் பிறகு உலகெங்கும் குவில்ட் தைப்பவர்களின் வேலைமுறையே மாறிப்போனது. துணி படுத்தபடியே கிடக்க, பிளேடு அதன் மேல் உருண்டு போகிறது. 45 மில்லிமீட்டர் பிளேடு உள்ள கட்டர், அதற்கான கட்டிங் மேட், கட்டம் போட்ட கனமான அக்ரிலிக் ஸ்கேல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல மெஷின் விலையில் சிறு பகுதிதான். பிளேடு மழுங்கினால் இடையிடையே ஓர் இழை வெட்டுப்படாமல் நிற்கும். அதைக் கண்டதுமே மாற்றிவிட வேண்டும், கூடுதலாக அழுத்திச் சமாளிக்கக் கூடாது. விரல் போகும் விபத்துகள் மழுங்கிய பிளேடில்தான் அதிகம். மேட்டை வெயிலிலோ சூடான இஸ்திரிப்பெட்டிக்குக் கீழேயோ வைத்தால் நெளிந்துவிடும், பிறகு நேராகாது.

கருவியைவிட முக்கியம் வெட்டும் திட்டம். அறுபதுக்கு எழுபத்திரண்டு அங்குலத்தில் ஒரு குவில்ட் ஆர்டர் வந்திருக்கிறது. ஆறு அங்குலக் கட்டங்கள், ஒன்பது சதுரக் கட்டமும் வெறுங்கட்டமும் மாறி மாறி. மொத்தம் 120 கட்டங்கள், அவற்றில் 60 சதுரக் கட்டங்கள். தனித்தனியாக வரைந்து வெட்டினால் 540 சிறு சதுரங்கள். தைக்க ஒரு கட்டத்துக்கு எட்டு வீதம் 480 குட்டித் தையல்கள். இதையே பட்டைகளாக யோசித்துப் பாருங்கள். 44 அங்குல அகலத் துணியில் கரை போக 42 அங்குலம் கிடைக்கும். இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டி, மூன்று மூன்றாக நீளத்தில் இணைத்து, அந்த இணைப்பைக் குறுக்கே இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் ஓர் இணைப்பில் 16 வரிசைகள் தயாராகின்றன. அடர்நிறம்–வெளிர்நிறம்–அடர்நிறம் என்ற வரிசை 120 வேண்டும், அதற்கு 8 இணைப்புகள்; வெளிர்–அடர்–வெளிர் 60 வேண்டும், அதற்கு 4. ஆக 36 பட்டைகள், 24 நீளத் தையல்கள், 180 குறுக்கு வெட்டுகள், பிறகு வரிசைகளைச் சேர்க்க 120 சிறு தையல்கள். துணிக்கணக்கும் இதிலேயே வந்துவிடுகிறது: அடர்நிறத்தில் 20 பட்டை, அதாவது 50 அங்குலம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல், வெளிர்நிறத்தில் 16 பட்டை, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, வெறுங்கட்டங்களுக்கு வரிசைக்கு ஆறு வீதம் பத்து வரிசை, 65 அங்குலம். துவைத்த பிறகு சுருங்கும் அளவையும் வெட்டில் போகும் ஒன்றிரண்டு அங்குலத்தையும் சேர்த்து முறையே ஒன்றரை, ஒன்றேகால், இரண்டு மீட்டர் வாங்கினால் போதும். காகிதத்தில் கால்மணி நேரம் போட்ட இந்தக் கணக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட தையல்களை மிச்சப்படுத்துகிறது. எத்தனை வேகமான மோட்டாரும் இந்த மிச்சத்தைத் தராது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இரண்டு அறை வீட்டில் வெட்டும் மேசைக்கு எங்கே போவது? மெஷினையாவது மூடி மூலையில் தள்ளிவிடலாமே! உண்மைதான், தனி அறை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் இந்த வேலைக்கு நிரந்தர இடம் தேவையில்லை. சரியான உயரமும் தொந்தரவு இல்லாத சில மணி நேரமும்தான் தேவை. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் அரியும் பழக்கம் உள்ள நமக்குத் தரையில் துணி விரிப்பது இயல்பாக வரும். ரோட்டரி கட்டருக்கு அது ஒத்துவராது. தோளிலிருந்து இறங்கும் உடல் எடைதான் பிளேடை அழுத்துகிறது, ஆகவே நின்று வெட்ட வேண்டும். சாப்பாட்டு மேசை வழக்கமாக 30 அங்குல உயரம். அதில் மூன்று மணி நேரம் குனிந்து வெட்டினால் மறுநாள் இடுப்பு பதில் சொல்லும். கால்களுக்கு அடியில் ஒரே அளவான மரக்கட்டைகள் வைத்து 34 முதல் 36 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். நின்றபடி முழங்கையை மடித்தால் அதற்குச் சற்றுக் கீழே மேசை வர வேண்டும். மேசையே இல்லாவிட்டால், இடுப்புயர அலமாரி ஒன்றின் மேல் பிளைவுட் பலகை போட்டு வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் சொருகிவிடலாம். ஃபேன் காற்றுக்கும் வழி சொல்ல வேண்டும். சித்திரை மாதத்தில் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுழலும் ஃபேனுக்குக் கீழே எண்ணி அடுக்கிய அறுபது சதுரங்கள் ஒரு நொடியில் கட்டிலுக்கடியில் போய்விடும். அடுக்குகளை எவர்சில்வர் தட்டுகளில் வைத்து மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தால் போதும். சமையலறை கொடுக்கும் கருவிகளில் இது ஒன்று.

வெட்டிய துல்லியம் இஸ்திரிப் பலகையில் கெட்டுப்போவதும் உண்டு. நம் மொழியில் இஸ்திரி போடுவதற்கே ‘தேய்ப்பது’ என்று பெயர்; குவில்ட்டில் தேய்க்கவே கூடாது. பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி அந்தத் திசையில் நீள்கிறது. பாவு இழையும் ஊடை இழையும் ஓரளவு தாங்கும். கிராஸில் வெட்டிய முக்கோணம் ரப்பர்போல் இழுபடும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பலகை மெத்தென்று இருக்கக் கூடாது. பிளைவுட்டின் மேல் பழைய நூல்விரிப்பை இரண்டு மடிப்பாக இழுத்து ஆணியடித்தால் கடினமும் சூடு தாங்கும் குணமும் சேர்ந்து கிடைக்கும். தையலை எப்போதும் அடர்நிறத் துணியின் பக்கம் மடிக்க வேண்டும் என்பார்கள். வெளிர்நிறத்தின் வழியே அது நிழலாகத் தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது. அடர்–வெளிர்–அடர் வரிசையில் தையல்கள் வெளிப்பக்கமாகவும், வெளிர்–அடர்–வெளிர் வரிசையில் உள்பக்கமாகவும் சாய்கின்றன. இரண்டு வரிசைகளையும் நல்ல பக்கம் நல்ல பக்கமாக வைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு திண்டுகளும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கட்டைவிரலால் தடவினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்வது தெரியும். அந்த இடத்தில் குண்டூசிகூட வேண்டாம், மூலை இடறாது. இத்தனையும் மெஷின் பக்கம் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கடைத்துணியில் இவ்வளவு என்றால் வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் இன்னும் கூடுதல். இறந்துபோன அம்மாவின் சேலைகள், மகன் பள்ளி முடிக்கும்வரை போட்ட டி-ஷர்ட்டுகள், குழந்தையின் முதல் வருடச் சட்டைகள்—இவைதான் ஆர்டர் குவில்ட்டின் உயிர். இங்கே தவறினால் மாற்றுத்துணி வாங்க எந்தக் கடைக்கும் போக முடியாது. எனவே பை வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நகர்த்திப் பார்ப்பது. இடுப்பிலும் உட்காரும் இடத்திலும் கொசுவத்தின் மடிப்பிலும் இழை நைந்து வெளிச்சம் சிந்தும். முந்தானையும் உள்தலைப்பும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் பயன்படும் துணி எவ்வளவு என்பதை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அளந்து சொல்லிவிடுவது நல்லது. அடுத்தது சாயம். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்றவற்றின் அடர்சிவப்பும் அரக்கும் அழகானவை, சந்தேகத்துக்கும் உரியவை. உள்பக்க ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெள்ளைத்துணித் துண்டோடு வெந்நீர்க் கிண்ணத்தில் அரைமணி நேரம் போட்டு, இரண்டையும் ஒட்டியபடியே காயவைத்துப் பாருங்கள். வெள்ளை சிவந்தால், அந்தச் சேலையைத் தனியாக அலசி அலசிச் சாயம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நிற்காவிட்டால் வெளிர்நிறத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நூல்துணி முதல் துவைப்பில் சுமார் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கக்கூடும். ஏற்கெனவே நூறுமுறை துவைத்த சேலை சுருங்காது. துவைக்காத புதுத்துணியையும் பழஞ்சேலையையும் அருகருகே தைத்தால் முதல் சலவையிலேயே குவில்ட் முகம் சுளிக்கும். டி-ஷர்ட் பனியன் துணி இழுபடும் பின்னல். அதன் பின்புறம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டிய பிறகே சதுரமாக வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் வெட்டினால் எந்த ஸ்கேலும் அதைச் சதுரமாக வைத்திருக்காது.

பஞ்சையும் அடித்துணியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெத்தைக்கு நல்லதான இலவம்பஞ்சு குவில்ட்டுக்கு ஆகாது. விரிப்பாக நில்லாமல் மூலைக்கு ஓடும். விரிப்பாகக் கிடைக்கும் நூல்பஞ்சு காற்றோட்டமானது, சற்றுச் சுருங்கும். பாலியஸ்டர் லேசானது, துவைக்க எளிது, வியர்க்கும். அடித்துணிக்கு 44 அங்குலத் துணியை இரண்டாக இணைப்பதைவிட, கரூர், சென்னிமலை பக்கம் நெய்யும் அகலமான விரிப்புத்துணி மேல். மேல்துணியைவிட நாலாபுறமும் நான்கு அங்குலம் கூட இருக்கட்டும்.

மூன்றாவது இடம் ஆர்டர் நோட்டு. கட்டிலின் அளவை வாடிக்கையாளர் சொல்லிக் கேட்டு எழுதுவதைவிட மெத்தை போட்ட கட்டிலை அளக்கச் சொல்ல வேண்டும். 72 அங்குல அகலமும் எட்டு அங்குலக் கனமும் உள்ள மெத்தையின் இரு பக்கமும் மூடிக் கீழே நாலு அங்குலம் தொங்க வேண்டுமென்றால் அகலம் 96 அங்குலம் ஆகிறது. 72க்குத் தைத்தால் அது மெத்தையின் மேல் கிடக்கும் துண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து போர்த்த வேண்டுமா, வெறும் அலங்கார விரிப்பா, மெஷினில் துவைப்பார்களா, வீட்டில் நாய் இருக்கிறதா என்பதெல்லாம் துணியையும் தையல் நெருக்கத்தையும் மாற்றும் கேள்விகள். எழுதி முடித்ததும் அவர்கள் துணியிலேயே ஒரே ஒரு கட்டம் தைத்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் ஒருமுறை பாருங்கள். நிறங்கள் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் கட்டத்தின் உருவம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோவது அப்போதே தெரியும். அறுபது கட்டம் தைத்த பிறகு தெரிவதைவிட இது மலிவு.

இந்த வாதத்துக்கு எதிரான கனமான மறுப்பு அழகியலிலிருந்து வருகிறது. இந்தியாவின் சிறந்த ஒட்டுத்துணிப் போர்வைகளில் அளவுகோலே கிடையாதே என்று கேட்கலாம். வட கர்நாடகக் காட்டுப்பகுதியில், உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி அப்படிப்பட்டது. பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். மூலைகளில் ‘பூ’ என்று பொருள்படும் பெயர் கொண்ட மடிப்புத் துண்டுகள். வங்கத்துக் காந்தாவிலும் அளந்து இணைப்பது முக்கியமில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் உழைப்பாளர் உடைகளின் கந்தலில் தைத்த குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போல் தொங்கின. அவற்றின் கோடுகள் கோணல்தான். அப்படியிருக்க 1/16 அங்குலத்துக்காக ஏன் உயிரை விட வேண்டும்?

கேள்வி நியாயமானது; பதில் அந்தப் போர்வைகளிலேயே இருக்கிறது. கவந்தியில் துண்டின் ஓரம் இன்னொரு துண்டின் ஓரத்தோடு சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று மற்றொன்றின் மேல் மேவிப் படிகிறது, அடிச்சேலை எல்லாவற்றையும் தாங்குகிறது, நெருக்கமான ஓட்டுத்தையல் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. பிழை சேர்வதற்கு அங்கே இடமே இல்லை. கீஸ் பெண்டில் வரைபடம் முன்கூட்டி இல்லாவிட்டாலும், ஒரு பட்டையின் நீளம் பக்கத்துப் பட்டையைப் பார்த்து வைத்து வெட்டியது. கட்டுப்பாடு அங்கே இன்ச் டேப்பிலிருந்து கைக்கும் கண்ணுக்கும் இடம் மாறியிருக்கிறது. அந்த முறையில் தைக்க விரும்பும் பெண் அதைத் தாராளமாகத் தைக்கலாம். அவருடைய முன்வேலை துண்டுகளைத் தரையில் பரப்பி வெகுநேரம் பார்ப்பதாக இருக்கும், அவ்வளவே. ஆனால் நட்சத்திரமும் ஒன்பது சதுரமும் காட்டி ஆர்டர் வாங்கிவிட்டு, கூர்முனை வெட்டுப்பட்டு வந்தபின் ‘கைவேலை அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வது கவந்திக்குச் செய்யும் அவமரியாதை. அங்கே கோணல் முறையின் பகுதி. இங்கே அது கவனக்குறைவு.

வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது என்பது அடுத்த சமாதானம். வாங்கும் அன்று தெரியாமல் இருக்கலாம். மூன்றாவது சலவையில் தெரியும். தையலுக்குக் கால் அங்குலம் கிடைக்காத இடத்தில் துணி பிரிந்து பஞ்சு எட்டிப்பார்க்கும். மேல்துணியைச் சுற்றித் தைக்கும் பார்டர் பட்டை அலையலையாக நெளியும். பட்டையை அளக்காமல் ஓரத்தில் வைத்தபடியே தைத்து மிச்சத்தை நறுக்கிவிட்டதன் விளைவு அது. மேல்துணியின் நீளத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவிலும் அதன் இரு புறமுமாக மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்குப் பட்டையை வெட்டி, துணியை அந்தப் பட்டைக்கு ஏற்பப் பொருத்தித் தைத்தால் நெளியாது. இதுவும் ஊசிக்கு முந்தைய ஐந்து நிமிடம்.

மெஷினை இவ்வளவு கீழே இறக்கியதற்கு ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் மெஷினுக்கு உண்மையான பங்கு உண்டு. துண்டுகளை இணைக்க, நல்ல நிலையில் உள்ள பழைய மிதி மெஷின் தாராளமாகப் போதும். நேர்த்தையலில் அது யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடையே ஆறேழு அங்குல இடைவெளிதான் இருக்கும். பெரிய குவில்ட்டைச் சுருட்டி அதற்குள் திணித்து நகர்த்துவது தோள்பட்டையைக் கேட்கும் வேலை. மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே வேகத்தில் நகர வாக்கிங் ஃபுட் வாங்குவது நல்ல செலவு. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் லாங்ஆர்ம் மெஷினுக்கு அறையின் நீளமே பத்தடிக்கு மேல் வேண்டும். மாதம் எத்தனை பெரிய குவில்ட் வருகிறது என்று நோட்டு சொல்லும்வரை அதன் பக்கம் திரும்ப வேண்டாம். இந்தக் கட்டத்திலும் முன்வேலை தன் பங்கைக் கேட்கிறது. அடித்துணியைத் தரையில் இழுத்து ஒட்டி, பஞ்சைப் பரப்பி, மேல்துணியை வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தாவிட்டால் எந்த மெஷினும் பின்பக்கம் மடிப்பு விழாமல் காப்பாற்றாது.

கடைசி மறுப்பு காசு பற்றியது. வெட்டவும் அழுத்தவும் சாயம் பார்க்கவும் ஆன நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? கேட்காதவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது நிச்சயம். பெரும்பாலானோர் துணி விலையோடு தையல் கூலியைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். தையல் என்றால் அவர்கள் மனதில் மெஷின் ஓடும் நேரம் மட்டுமே. முதல் மூன்று குவில்ட்டுக்காவது நோட்டில் தனித்தனிப் பத்திகள் போட்டு நேரம் குறியுங்கள்: பேச்சும் அளவும், துவைப்பும் சோதனையும், வெட்டு, அழுத்தல், இணைப்பு, மூன்றடுக்குத் தையல், ஓரம் கட்டும் பைண்டிங். மணிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கணக்கில் விட்டுப்போன பத்து மணி நேரம் 1,500 ரூபாய். அது மாதத்துக்கு இரண்டு ஆர்டரில் 3,000. விலை கேட்டு முகம் சுளிப்பவரிடம் கூலியைக் குறைப்பதைவிட வேலையைக் குறைக்கலாம். சதுரத்தை இரண்டரையிலிருந்து நாலரை அங்குலமாக்கினால் துண்டுகளின் எண்ணிக்கை நாலில் ஒன்றுக்கு வந்துவிடும். அந்த வேறுபாட்டை நோட்டைப் பிரித்தே காட்டலாம். முன்பணம் வாங்குவதற்கும் சரியான நேரம் இதுவே: மாதிரிக் கட்டத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகு, மீதிச் சேலையில் பிளேடை வைப்பதற்கு முன். வெட்டிய சேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடித்த குவில்ட்டை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்காதீர்கள். ஐப்பசி ஈரத்தைப் பஞ்சு உறிஞ்சிவைத்திருக்கும், பைக்குள் பூசணம் பூக்கும். காடாத்துணியில் ஒரு பை தைத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குள் ஒவ்வொரு துணியிலும் மிஞ்சிய இரண்டு சதுரங்களைச் சிறு உறையிலிட்டு, எப்படித் துவைப்பது என்று நாலு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள். எங்காவது கிழிந்து திரும்பி வரும்போது, அம்மாவின் அந்தச் சேலைத்துணிக்கு வேறு எங்கும் தேட வேண்டியிருக்காது.